பழைய அம்பாசடர் லிட்டருக்கு எத்தனை குடுக்கும்?

அம்பாசடர் நிக்கற வீட்டுக்கு யார் வந்தாலும் ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, "வண்டியக் குடுக்கறீங்களா?" இன்னொண்ணு, "லிட்டருக்கு எத்தனை குடுக்குதுங்க?" முதல் கேள்விக்குப் பதில் வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. ரெண்டாவது கேள்விக்குத்தான் ஊருக்குள்ள ஆளுக்கொரு பதில். விக்கிறவர் 12ம்பார். வாங்க வந்தவர் 5 கூடத் தராதும்பார். பட்டறைக்காரர் கார்புரேட்டரை மாத்திட்டா 15 வாங்கிக் காட்டறேம்பார்.

இந்தக் கணக்கு சரியாத் தெரியாததால ரெண்டு பக்கமும் நஷ்டம் ஆகுது. டவுன்ல வேலை பாக்கற பசங்க, தாத்தா வண்டிங்கற பாசத்துல ஓட்ட ஆரம்பிச்சு, 15 வரும்னு நம்பிப் பட்டறையில பணத்தைக் கொட்டறாங்க. இன்னொரு பக்கம், 8 குடுக்கற நல்ல வண்டியை "இது ரிப்பேர் வண்டி, பெட்ரோல் குடிக்குது"ன்னு சொல்லி எடைக்குப் போட்டுடறாங்க. ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டியது ஒரே விசயந்தான்: இந்த வண்டி புதுசுல எத்தனை குடுத்துச்சு? அதைத் தெரிஞ்சுக்க 1950கள்ல இங்கிலாந்துக்கு ஒரு நடை போய் வரணும்.

நம்ம அம்பாசடரோட பூர்வீகம் இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல கௌலிங்கற ஊர். அங்க இருந்த மோரிஸ் கம்பெனி 1956ல வெளியிட்ட 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3' காரைத்தான் பிர்லா குடும்பத்தோட இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, கல்கத்தா பக்கத்துல உத்தரபாராவுல செய்ய ஆரம்பிச்சாங்க. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942லயே தொடங்குன கம்பெனி. முதல்ல குஜராத் ஓகா துறைமுகத்துல காரைப் பூட்டிக்கிட்டு இருந்து, அப்புறம் உத்தரபாராவுக்கு வந்தாங்க. அம்பாசடருக்கு முன்னாடி 'லேண்ட்மாஸ்டர்'னு ஒண்ணு செஞ்சாங்க. அதுவும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான், ஒரு தலைமுறை முந்தினது. 1957-58 வாக்குல அம்பாசடர் ரோட்டுக்கு வந்துச்சு. சீக்கிரமே 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் வந்துச்சு. நம்ம ஆளுங்க ரொம்ப வருசம் ஓட்டுனது அந்த எஞ்சினைத்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். இங்கிலாந்துல கேலனுக்கு எத்தனை மைல்னு பாப்பாங்க. அவங்க கேலன் சுமார் நாலரை லிட்டர், மைல் 1.6 கிலோமீட்டர். அந்தக் காலத்துல 1500 சிசி குடும்பக் கார்கள் அங்க கேலனுக்கு 25லேர்ந்து 30 மைல் ஓடுச்சு. நம்ம கணக்குல மாத்திப் பாருங்க. 25 மைல்னா லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 30 மைல்னா பத்தரை.

அதாவது, நல்ல தார் ரோடு, நல்ல பெட்ரோல், புது எஞ்சின், குளிர்ந்த ஊர். இத்தனையும் இருந்து அந்த ரக வண்டிக்குக் கிடைச்சதே ஒம்பதுலேர்ந்து பத்தரை. புதுசுல குடுக்காததை நாப்பது வருசம் கழிச்சுக் குடுன்னா அது எங்க போகும்?

இன்னொரு விசயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. 1956ல எகிப்து சூயஸ் கால்வாயை அரசுடைமை ஆக்குனதைத் தொடர்ந்து சண்டை வந்து, கால்வாய் அடைபட்டுப் போச்சு. இங்கிலாந்துல பெட்ரோல் தட்டுப்பாடு. அந்த டிசம்பர்லேர்ந்து அங்க பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வெளிவந்து ரெண்டு மூணு மாசந்தான் ஆகியிருந்துச்சு. அப்ப மோரிஸ் கம்பெனி 'பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்'ங்கற பெரிய கூட்டுக்குள்ள இருந்துச்சு. அந்தக் கூட்டத்தோட தலைவர் லெனார்டு லார்டு, அலெக் இசிகோனிஸ்ங்கற எஞ்சினியரைக் கூப்பிட்டு, பெட்ரோல் கம்மியாக் குடிக்கற சின்னக் கார் வேணும்னு கேட்டார். 1959ல வந்துச்சு 'மினி'. 848 சிசி. எஞ்சினைக் குறுக்கால வச்சு, முன் சக்கரத்தை இழுக்க விட்டார். வண்டி நீளம் குறைஞ்சுது, எடை குறைஞ்சுது.

அவங்க ரேஷன்ல பாடம் படிச்சு சின்ன வண்டிக்குப் போறாங்க. அதே சமயத்துல நாம அவங்க பெரிய வண்டியை வாங்கி இங்க செய்ய ஆரம்பிக்கறோம். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம ரோட்டுக்கும் நம்ம குடும்பத்துக்கும் பெரிய வண்டிதான் தோதா இருந்துச்சு. முன்னால மூணு பேர், பின்னால அஞ்சு பேர், மடியில ரெண்டு குழந்தை, டிக்கியில நெல்லு மூட்டைன்னு ஏத்திக்கிட்டு மாட்டு வண்டித் தடத்துல போன வண்டி அது. மினி அந்த வேலையைச் செஞ்சிருக்காது.

சரி, அம்பாசடர் ஏன் அவ்வளவு குடிக்குது? பட்டறையில கேட்டதையும் படிச்சதையும் எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன்.

எங்க பக்கம் கரும்பாலை ஓட்டுனவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஆலை உருளை ரெண்டும் நெருங்கி இருந்தா கரும்புல இருக்கற சாறு பூரா வரும். உருளை தளர்ந்து இருந்தா சக்கையிலயே பாதிச் சாறு போயிரும். எஞ்சினும் அப்படித்தான். உள்ள வந்த பெட்ரோல் புகையைப் பிஸ்டன் எவ்வளவு நெருக்கி அமுக்குதோ அவ்வளவு சாறு, அதாவது சக்தி, கிடைக்கும். இன்னைக்கு வர்ற பெட்ரோல் கார்ல பத்து மடங்குக்கு மேல அமுக்கும். அம்பாசடர் 1489 எஞ்சின்ல ஏழு மடங்கு சொச்சந்தான்.

அதையும் வேணும்னேதான் அப்படி வச்சாங்க. அன்னைக்கு நமக்குக் கிடைச்ச பெட்ரோலோட ஆக்டேன் கம்மி. அதை அதிகமா அமுக்குனா, தீப்பொறியோட தீ பரவி வர்றதுக்கு முன்னாடியே தானாப் பத்திக்கிட்டு எஞ்சின் 'கடகட'ன்னு இடிக்கும். பிஸ்டன் ஓட்டையாயிரும். எந்த பங்க்ல எந்தப் பெட்ரோல் ஊத்துனாலும் ஓடணும்னு உருளையைத் தளர்த்தி வச்ச ஆலை அது.

அடுத்தது எடை. ஆயிரத்து நூறு கிலோ சுத்தி வரும். நல்ல தகடு, கனமான பாடி. அப்புறம் கியர். ஸ்டியரிங் பக்கத்துல கம்பி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுல நாலு கியர்தான். அஞ்சாவது கியர் இல்லாததால 80ல போனா எஞ்சின் தம் கட்டி ஓடுது. 50, 60ல போனா நிம்மதியாப் போகும். நாலாவதா கார்புரேட்டர். இன்னைக்குக் கார்ல ஒவ்வொரு சொட்டையும் கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணி விடுது. இதுல ஜெட் ஓட்டை எவ்வளவோ அவ்வளவு வரும். குளிர்ல ஸ்டார்ட் பண்ண சோக்கை இழுத்துட்டு, தள்ள மறந்துட்டா அன்னைக்குப் பெட்ரோல் தண்ணியாப் போகும்.

1960கள்ல, 70கள்ல இது யாருக்கும் பெரிசாத் தெரியலை. ஏன்னா ஒப்பிட்டுப் பாக்க வேற வண்டி கம்மி. உத்தரபாராவுல அம்பாசடர், பம்பாயில பிரீமியர் கம்பெனியோட ஃபியட், நம்ம சென்னையில ஸ்டாண்டர்டு. இவ்வளவுதான். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. எத்தனை கார் செய்யலாம்கறதுக்கு லைசென்ஸ். பணம் கட்டிட்டு வருசக் கணக்குல காத்துக் கிடந்தாங்க. வாங்க ஆள் வரிசையில நிக்கும்போது மைலேஜைக் கூட்டணும்னு கம்பெனிக்கு என்ன அவசரம்? மார்க் 2, மார்க் 3, மார்க் 4ன்னு பேரு மாறுச்சு. முன்னாடி ஜாலி மாறுச்சு. உள்ள அதே 1489தான்.

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயைக் குறைச்சாங்க. பீப்பாய் 3 டாலர் சுத்தி இருந்த கச்சா எண்ணெய், அடுத்த வருசத் தொடக்கத்துல 12 டாலருக்குப் பக்கமாப் போயிருச்சு. நம்ம ஊர்லயும் பெட்ரோல் விலை தாறுமாறா ஏறுச்சு. "அம்பாசடர் வச்சிருக்கறது யானையைக் கட்டித் தீனி போடற வேலை"ங்கற பேச்சை நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். வண்டி அதேதான். தீனி விலைதான் ஏறியிருந்துச்சு.

இதுக்கு மாத்தா 1980 வாக்குல டீசல் அம்பாசடர் வந்துச்சு. அதுவும் 1489 சிசிதான். மெதுவாப் போகும், சத்தம் காது கிழியும், மேட்டுல ஏத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். ஆனா 12லேர்ந்து 14 வரைக்கும் குடுக்கும், டீசலும் விலை கம்மி. வாடகைக் காரெல்லாம் டீசலுக்கு மாறுச்சு. பெட்ரோல் வண்டி வச்சிருந்தவங்க சில பேர் மெட்டடார் வேனோட டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ள வச்சாங்க. "எங்க மாமா அம்பாசடர் 14 குடுத்துச்சு"ன்னு இன்னைக்கு யாராவது சொன்னா, அது பொய்யில்லை. டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கணும். பாதிக் குழப்பம் அங்கதான் இருக்கு.

மீதிப் பாதிக் குழப்பத்தைக் கொண்டு வந்தது மாருதி 800. 1983 டிசம்பர்ல வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், எடை 650 கிலோ சுத்தி. எஞ்சின் குறுக்கால, இழுவை முன் சக்கரத்துல. 1959ல இங்கிலாந்துல மினியில வந்த அதே அமைப்பு, ஜப்பான் சுசுகி வழியா நம்ம ரோட்டுக்கு வர 24 வருசம் ஆச்சு. அது 15க்கு மேல சாதாரணமாக் குடுத்துச்சு. அதுக்கப்புறந்தான் நம்ம மக்கள் மனசுல "கார்னா 15 குடுக்கணும்"னு ஒரு கோடு விழுந்துச்சு. அந்தக் கோட்டுல அம்பாசடரை நிறுத்திப் பாத்தா அது தோத்துத்தான் போகும். உழவு மாட்டை ரேக்ளா மாட்டோட பூட்டிட்டு மெதுவா ஓடுதுன்னு வையற கதை அது.

1990கள்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பான் இசுசு கம்பெனியோட 1800 சிசி பெட்ரோல் எஞ்சினையும் அஞ்சு கியரையும் வச்சாங்க. இழுவை நல்லாக் கூடுச்சு, மைலேஜும் கொஞ்சம் தேறுச்சு. ஆனா அந்த உடம்பைத் தூக்கிட்டு ஓடறதால பெரிய மாத்தம் வரலை. 2014 மே மாசம் உத்தரபாரா பட்டறை நின்னு போச்சு.

வண்டி நின்னு போனாலும், அது குடிக்கற பெட்ரோல் மாறிக்கிட்டே இருந்துச்சு. இதை நிறையப் பேர் கணக்குல எடுக்கறதில்லை.

முன்னாடி பெட்ரோல்ல ஈயம் கலந்திருப்பாங்க. எஞ்சின் இடிக்காம இருக்கறதுக்கு. அது வால்வு உக்கார்ற இடத்துல மெல்லிசாப் படிஞ்சு தேயாமப் பாத்துக்கும். ஈயம் குழந்தைகளுக்குக் கேடுங்கறதால 2000 பிப்ரவரியிலேர்ந்து நாடு பூரா நிறுத்திட்டாங்க. நல்ல காரியம். ஆனா பழைய வண்டிகளுக்கு வால்வு சீட் தேய ஆரம்பிச்சுது. அது தேஞ்சா அமுக்கம் ஒழுகும். ஆலை உருளை இன்னும் தளர்ந்த மாதிரி. ஹெட்டைக் கழட்டி நல்ல சீட் போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது எத்தனால். 2022 நடுவுல பெட்ரோல்ல 10 சதவீதம் வந்துச்சு. 2025ல நாடு பூரா 20 சதவீதத்துக்கு வந்தாச்சு. ஒரு லிட்டர் எத்தனால்ல, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கற சக்தியில மூணுல ரெண்டு பங்குதான் இருக்கு. அப்ப அஞ்சுல ஒரு பங்கு எத்தனால் ஊத்துனா, ஓட்டம் 6, 7 சதவீதம் குறையும். எத்தனாலுக்குன்னு செய்யாத கார்களுக்கு இந்த அளவு குறையும்னு 2021ல நிதி ஆயோக் அறிக்கையிலயே போட்டிருக்காங்க. 9 குடுத்த அம்பாசடர் எந்தக் கோளாறும் இல்லாமலே எட்டரைக்கு வந்திரும்னு அர்த்தம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த எத்தனால் கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் உடைஞ்ச அரிசியிலயும் எடுக்கறது. நான் மக்காச்சோளம் போடறவன். முன்னாடி கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு மட்டும் போன சோளத்துக்கு இப்ப எத்தனால் ஆலையும் போட்டி. விலை கேக்க இன்னொரு ஆள் இருக்கறது எங்களுக்கு நல்லதுதான். அதனால ஒரு கையில எத்தனாலை வாழ்த்திக்கிட்டு, இன்னொரு கையில அம்பாசடர் ரப்பர் பைப்பைத் தடவிப் பாக்கற நிலைமை என்னுது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வச்சு வெடிக்க விடும். காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும். எத்தனால் தாங்கற பைப்பும் பம்ப் டயஃப்ரமும் மாத்திடுங்க. மாசக் கணக்குல நிறுத்தி வைக்கறதா இருந்தா டேங்குல பெட்ரோலைத் தேங்க விடாதீங்க. பழைய பைப்புல ஒழுகறது மைலேஜ் நஷ்டம் மட்டும் இல்லை, தீ ஆபத்து.

இத்தனையும் கூட்டிக் கழிச்சா, 1489 பெட்ரோல் அம்பாசடர்கிட்ட இன்னைக்கு நியாயமா எதிர்பாக்கக்கூடியது இதுதான். எஞ்சின் நல்லா இருந்து, நல்ல ரோட்டுல 60ல போனா எட்டரை, ஒம்பது. ஊருக்குள்ள சிக்னல்ல நின்னு நின்னு போனா 7 சுத்தி. ஏசி மாட்டியிருந்தா அதுலயும் ஒண்ணு கழிச்சுக்குங்க. எங்க பக்கத்துல இருபத்தஞ்சு வருசம் வாடகை அம்பாசடர் ஓட்டுன டிரைவர் அண்ணன் ஒருத்தர் பெட்ரோல் கணக்கை டைரியில எழுதி வச்சிருந்தார். அவர் காலத்துலயே வெளியூர்ச் சவாரிக்கு 9, உள்ளூருக்கு 7ன்னுதான் போட்டிருக்கார். அதுக்கு மேல எழுதுன பக்கமே இல்லை.

6க்குக் கீழ போனா மட்டும் வண்டியில கோளாறுன்னு எடுத்துக்கலாம். அதையும் சரியா அளந்து பாத்துட்டுச் சொல்லணும். டேங்க்கை ரொப்பிட்டு ஓட்டுங்க, 200 கிலோமீட்டராவது ஓட்டிட்டு அதே பங்க்ல திரும்ப ரொப்புங்க. எத்தனை லிட்டர் புடிச்சுதோ அதால தூரத்தை வகுங்க. தூரத்தை வண்டி மீட்டர்ல பாக்காதீங்க. பாதி வண்டியில அது ஓடாது, ஓடற வண்டியில டயர் அளவு மாறியிருக்கும். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லையோ செல்போன் மேப்பையோ நம்புங்க.

எங்க அக்கா மகன் கோயமுத்தூர்ல வேலைல இருக்கான். அவங்க அப்பாரு 1984ல எடுத்த மார்க் 4 வீட்டுல நின்னுச்சு. அதை ஓட்ட ஆசைப்பட்டான். பட்டறையில ஒருத்தர் 30,000 ரூபாய் குடு, 15 குடுக்க வைக்கறேன்னு சொல்லியிருக்கார். இல்லைன்னா எடைக்குப் போட்டுடலாமா மாமான்னு என்கிட்ட கேட்டான். முதல்ல அளந்துட்டு வாடான்னேன். 192 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் புடிச்சுது. ஆறு சொச்சம்.

"மாப்பிள்ளை, இது 15 குடுக்கற வண்டி இல்லை, 9 குடுக்கற வண்டி. நாம தேட வேண்டியது ஒம்பதுக்கும் ஆறுக்கும் நடுவுல எங்க ஒழுகுதுன்னுதான்"னு சொன்னேன். அப்புறம் வேற பட்டறைக்குப் போனோம். பின் சக்கரம் ஒண்ணுல பிரேக் விடாம உரசிக்கிட்டு டிரம் சுட்டுச்சு. பம்ப் டயஃப்ரம் கசிஞ்சுது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தீஞ்சு, டைமிங் தள்ளிப் போயிருந்துச்சு. ஏர் ஃபில்டர் தூசி. டயர்ல காத்துக் கம்மி. எல்லாம் சில்லறை வேலை. முடிச்சுட்டு அளந்தப்ப 215 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். 8.6.

பணக் கணக்கையும் அவனுக்குப் போட்டுக் காட்டுனேன். லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். கோயிலு, கல்யாணம், ஊருக்கு வர்றதுன்னு வருசத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓட்டுனா, எட்டரை கணக்குல 17,600 ரூபாய் ஆகும். அந்த ஆள் சொன்ன 15 நிஜமாவே வந்தாக்கூட 10,000 ரூபாய். மிச்சம் 7,600. போட்ட 30,000ஐ எடுக்கவே நாலு வருசம். அதே வண்டியை தினம் 60 கிலோமீட்டர் ஆபீசுக்கு ஓட்டுனா வருசத்துக்கு 18,000 கிலோமீட்டர். டவுன்ல ஏழரைன்னே வச்சாலும் 2,40,000 ரூபாய். 18 குடுக்கற சின்னக் காருக்கு ஒரு லட்சம். அந்த ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல வர்ற வித்தியாசத்தை எந்தப் பட்டறையும் சரி பண்ணித் தர முடியாது.

அதனால ஆபீசுக்குப் போக வேற வண்டி வச்சுக்க, இதை விசேசத்துக்கு எடுன்னு முடிவு பண்ணுனோம். இந்த ஆடிக்கு அம்மா, அப்பா, பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க, அத்தைன்னு எல்லாரையும் ஒரே வண்டியில ஏத்திக்கிட்டு ஊருக்கு வந்தான். அவங்க அப்பாருக்கு இப்ப 88 வயசு. முன் சீட்டுல உக்காந்து வந்தவர் இறங்குனதும் முதல்ல கேட்டது, "எத்தனை குடுத்துச்சு?"

எட்டரைன்னான்.

"நான் எடுத்த வருசம் ஒம்பது"ன்னுட்டு உள்ள போயிட்டார்.